ஓடைச் சேற்றில் ஒளித்திருக்கும் பூ

முதல் தடவை அந்தச் செடி என் கண்முன்னே கரைந்துபோனது. மட்டக்களப்பு நகரில் அலங்கார மீன் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். கபில நிறமும் பச்சையும் கலந்த, ஓரம் நெளிந்த இலைகள். கடைக்காரர் ஒரு பொலித்தீன் பைக்குள் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கட்டித் தந்தார். "சிங்கப்பூர்ச் செடி தம்பி, கவனமாப் பாருங்க" என்றார். களுவாஞ்சிகுடிக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் இலையின் நடுவே ஓட்டை விழுந்தது. ஆறாம் நாள் எல்லா இலைகளும் அவித்த கீரை போலாகி, தொட்டால் விரலில் ஒட்டின. மீன் தொட்டித் தண்ணீர் கலங்கி நாறத் தொடங்கியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அழுகினதை ஏன் உள்ளுக்க வெச்சிரிக்காய், வெளியில போடு" என்றார். கிணற்றடியில், குளிக்கும் தண்ணீர் வாழைக்கு ஓடும் சின்ன வாய்க்காலின் ஓரத்தில் வேரோடு எறிந்துவிட்டு அதை மறந்துபோனேன்.

மூன்று நான்கு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை அம்மாதான் கூப்பிட்டார். வாழையின் நிழலில், சேற்றுக்குள்ளிருந்து ஐந்தாறு இலைகள் எழும்பி நின்றன. தொட்டிக்குள் இருந்ததைவிடச் சின்ன இலை, காம்பு தடிப்பு, நிறம் கடும்பச்சை. ஆனால் அதே நெளிவு. செத்தது என்று நான் எறிந்தது சாகவே இல்லை. அதற்குப் பிறகுதான் இந்தச் செடி என்ன, எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னை சிங்கப்பூருக்குக் கொண்டுபோகவில்லை. வாவியைக் கடந்து, என் மாமாவின் வயலுக்குக் கொண்டுபோனது.

இதன் பேரினத்துக்கு கிரிப்டோகொரைன் என்று பெயர். சேம்புக் குடும்பம். இந்தக் குடும்பத்தை நமக்குக் குசினியிலிருந்தே தெரியும். சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு, சிங்கள ஆக்கள் விரும்பிச் சமைக்கும் கொகிலக் கிழங்கு எல்லாம் இதில்தான் சேர்த்தி. வாசலில் சாடிக்குள் நிற்கும் அந்தூரியமும், தண்ணீரில் மிதக்கும் ஆகாசத்தாமரையும் கூட இவற்றுக்குச் சொந்தம். கருணைக்கிழங்கு ஏன் நாக்கை அரிக்கிறது, ஏன் புளி விட்டுச் சமைக்கிறோம் என்பதற்கும் குடும்பக் காரணம் உண்டு. இந்தத் தாவரங்களின் கலங்களுக்குள் கல்சியம் ஒட்சலேற்று ஊசிப் பளிங்குகளாகக் கிடக்கிறது. மெல்லும்போது அந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன.

கிரிப்டோகொரைன் இந்தக் குடும்பத்தில் ஓடைக்குப் போய்க் குடியிருந்த கிளை. இந்தியாவிலிருந்து நியூகினி வரைக்கும், வெப்ப நாடுகளின் ஆற்றோரங்களிலும் காட்டு ஓடைகளிலும் சதுப்புகளிலும் 60க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இலங்கைக்கே உரியவை மட்டும் பத்தளவில் இருக்கின்றன. அதாவது, உலகத்தில் வேறெங்கும் தானாக முளைக்காதவை. நான் சிங்கப்பூர்ச் செடி என்று வாங்கியது கிரிப்டோகொரைன் வென்டியை. அது இலங்கைச் செடி. 1958இல் நெதர்லாந்துத் தாவரவியலாளர் டி விட் அதற்குப் பெயர் வைத்தார். ஜேர்மனியிலும் ஒல்லாந்திலும் அமெரிக்காவிலும் மீன் தொட்டி வைத்திருப்பவர்களில் இதைத் தெரியாதவர் குறைவு. இங்கே பிறந்து, வெளியே போய், பண்ணைகளில் பெருகி, ஒரு பொலித்தீன் பைக்குள் மட்டக்களப்புக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கோபமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் உணர்வு. நம்முடையதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்பது அதில் பாதி.

இலை கரைந்ததற்கும் காரணம் கிடைத்தது. பண்ணைகளில் இந்தச் செடியைப் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலைக்கும் தண்ணீருக்குள் வளரும் இலைக்கும் அமைப்பு வேறு. திடீரென்று தண்ணீருக்குள் போட்டால், அல்லது வெளிச்சமோ சூடோ தண்ணீரின் தன்மையோ சட்டென்று மாறினால், செடி பழைய இலைகளைக் கைவிட்டுவிடும். சேற்றுக்குள் இருக்கும் வேர்த்தண்டுக்கிழங்கு மட்டும் சேமிப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இடம் பழகியதும் அந்த இடத்துக்கேற்ற புது இலையை விடும். மழை வந்தால் ஓடை, வெயில் வந்தால் வெறும் மண் என்று மாறி மாறி வரும் இடத்தில் வாழ்கிற ஒன்றுக்கு இது வருத்தமே இல்லை, வழக்கம். நான்தான் ஆறாம் நாளே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

பூவைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் செடியைப் பற்றிப் பேசவே முடியாது. கிரிப்டோகொரைன் என்ற பெயரே பூவிலிருந்து வந்தது. கிரேக்க மொழியில் ‘கிரிப்டோஸ்’ என்றால் ஒளித்தது, ‘கொரைன்’ என்றால் கதாயுதம். 1830இல் இந்தப் பெயர் அச்சுக்கு வந்தது. சேம்புக் குடும்பப் பூக்களில் நடுவே ஒரு தண்டு நிற்கும், அதைச் சுற்றி ஒரு பாளை விரிந்திருக்கும். அந்தூரியத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சிவப்பாகப் பளபளப்பது பாளை, நடுவில் விரல் போல நீட்டிக்கொண்டிருப்பது உண்மையான பூக்களைத் தாங்கும் தண்டு. கிரிப்டோகொரைனில் அந்தத் தண்டை வெளியே காணவே முடியாது. பாளையின் அடிப்பகுதி இரண்டு ஓரமும் ஒட்டி ஒரு சின்னக் குடுவையாகி, தண்டை உள்ளே வைத்து மூடியிருக்கிறது. குடுவையிலிருந்து ஒரு குழல் மேலே போகிறது. குழலின் முடிவில், ஒரு பக்கம் கிழித்து விரித்தது போல, பாளையின் நுனி மட்டும் வெளியே தெரியும். கோயில் வாசலில் ஊதும் எக்காளத்தை மிகச் சின்னதாகச் செய்து சேற்றில் நட்டு வைத்தது போல.

எங்கள் கிணற்றடிச் செடி அடுத்த வருடம் பூத்தது. பல இனங்கள் தண்ணீருக்குள் முழுகியிருக்கும்போது கிழங்கால் பெருகிக்கொண்டே இருக்கும், பூப்பதற்குத் தண்ணீர் இறங்கி இலை காற்றில் வெளிப்பட வேண்டும். நான் ஒரு பூவை மட்டும் சவர அலகால் நெடுக்குவெட்டாகப் பிளந்து, பிள்ளைகளின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

குடுவையின் அடியில், தண்டைச் சுற்றி ஒரே வரிசையில், ஒன்றோடொன்று ஒட்டிய பெண் பூக்கள். அதற்கு மேலே ஒரு வெறும் இடைவெளி. அதற்கும் மேலே, கூரைக்குக் கிட்ட, குருணை போல ஆண் பூக்கள் கூட்டமாக. தண்டின் நுனி குடுவையின் கூரையோடு ஒட்டியிருக்கிறது. குழல் குடுவைக்குள் திறக்கும் வாசலில் ஒரு சின்ன மடிப்பு, கதவு மாதிரி. பூ விரிந்ததும் மெல்லிய வாடை வரும், நமக்கு அது வாசனை இல்லை, அழுகலின் பக்கம் சேர்ந்தது. அதைத் தேடிச் சின்ன ஈக்கள் குழலுக்குள் இறங்கிக் குடுவைக்குள் விழுந்துவிடும். அந்த நேரம் பெண் பூக்கள்தான் தயாராக இருக்கும். ஈ வேறு பூவிலிருந்து மகரந்தம் கொண்டு வந்திருந்தால் அது இங்கே சேரும். ஈ வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும். பிறகுதான் ஆண் பூக்கள் மகரந்தத்தைச் சின்னப் பிசின் துளிகளாகக் கசியவிடும். அதை உடம்பில் பூசிக்கொண்ட ஈக்கு வழி கிடைக்கும். அது அடுத்த பூவைத் தேடிப் போகும். ஒரே பூவின் மகரந்தம் அதே பூவில் சேராமல் இருப்பதற்கு, பெண் முதலில், ஆண் பிறகு என்ற இந்த ஒழுங்கு. ஒரு சோற்றுப் பருக்கையளவு அறைக்குள் இவ்வளவும் நடக்கிறது. காய் முற்றினால் நட்சத்திரம் போல வெடித்து, விதைகளைத் தண்ணீரில் விடும்.

அதைப் பார்த்த பிறகு அந்தச் செடி எனக்கு அலங்காரச் சாமான் இல்லை என்றாகிவிட்டது.

அப்போதுதான் நெவில் என்ற பெயர் என் முன்னால் வந்தது. இலங்கையின் கிரிப்டோகொரைன்களில் பெரும்பாலானவை ஈரவலயத்துக் காரர். கண்டி, பேராதனைப் பக்கத்து ஆறுகள், சிங்கராஜாப் பக்கத்து ஓடைகள் என்று இடம்பிடித்தவை. பேரினத்திலேயே மிகச் சிறிதான பார்வாவும் மலைநாட்டுச் செடிதான். உலர்வலயத்திலும் ஒன்று உண்டு. அது கிழக்கு மாகாணத்துச் செடி, கிரிப்டோகொரைன் நெவிலியை. நம்முடைய மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் செடி.

ஹியூ நெவில் பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இலங்கை சிவில் சேவையில் இருந்தவர். 1880களில் ‘தப்ரபேனியன்’ என்ற சஞ்சிகையை நடத்தியவர். அவர் சேர்த்த ஓலைச்சுவடிகள் இன்றைக்கு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய பெயர்தான் இந்தச் செடிக்கு. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன் இலங்கைத் தாவரங்கள் பற்றிய பெரிய கைநூலை எழுதிக்கொண்டிருக்கும்போதே 1896இல் இறந்துபோனார். மிச்சத்தை ஜோசப் ஹூக்கர் முடித்தார். 1898இல் வந்த நான்காம் தொகுதியில்தான் நெவிலியை என்ற பெயர் முதன்முதலாக அச்சானது. நெவிலும் அதற்கு முந்திய வருடம் இறந்துவிட்டார். பெயர் வைத்தவரும் பார்க்கவில்லை, பெயருக்குரியவரும் பார்க்கவில்லை.

பிறகு இன்னொன்றும் நடந்தது. மேற்கு நாடுகளின் மீன் தொட்டிக் கடைகளில் நெடுங்காலம் ‘நெவிலியை’ என்ற பெயரில் ஒரு சின்னச் செடி விற்கப்பட்டது. எளிதாக வளரும், தொட்டியின் முன்பக்கத்துக்கு அழகு. ஆனால் அது நெவிலியை இல்லை. கண்டிப் பக்கத்து ஆறுகளில் உள்ள இனங்கள் தமக்குள் கலந்து உருவான வில்லிசியை என்ற கலப்பினம். 1970களில் டென்மார்க் தாவரவியலாளர் நீல்ஸ் யாகொப்சன் இலங்கைக் கிரிப்டோகொரைன்களை ஒழுங்காக ஆராய்ந்த பிறகு இந்தக் குழப்பம் தெளிந்தது. உண்மையான நெவிலியை மீன் தொட்டிக்கு ஒத்துவராத செடி. வருடம் முழுக்க ஒரே அளவு தண்ணீர் அதற்கு வேண்டாம். மாரியில் முழுக வேண்டும், கோடையில் காய வேண்டும். நம் பக்கத்துக் காலநிலையையே அது உடம்பில் கொண்டிருக்கிறது.

நம் பக்கத்தில் வருடத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. குறைவில்லை, ஆனால் அதில் பெரும் பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வந்து கொட்டிவிடும். பிறகு ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது வயல் வெடித்துக் கிடக்கும். இந்த இரண்டு நிலைக்கும் இடையில், வில்லு என்கிற ஆழமற்ற நீர்நிலைகளின் ஓரத்தில், சின்ன ஓடைகளின் படுக்கையில், வயலோரத் தாழ்வுகளில் இந்தச் செடி வாழ்கிறது. கோடையில் மேலே ஒன்றுமே இருக்காது. கிழங்கு மட்டும் இறுகிய மண்ணுக்குள் கிடக்கும்.

இதையெல்லாம் தெரியாமல் நான் முதலில் தேடிப் போனது ஆவணி மாதத்தில். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், வெல்லாவெளிக்கு அப்பால் மாமாவின் வயல். சரியான இடத்தை இங்கே எழுதமாட்டேன். அரிய செடி என்று தெரிந்தால் கிண்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னும் முன்மாரி வேளாண்மையை விடவில்லை. கிறவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, மருத மரங்களுக்குக் கீழே காய்ந்து கிடந்த ஓடைக்குள் இறங்கி, சருகைக் கிளறிக் கிளறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"இந்த வெயிலுக்குள்ள என்னத்தைத் தேடுறாய் மருமகன்? பாம்பு கிடக்கும், பாத்து" என்றார் மாமா.

தொலைபேசியில் இருந்த வென்டியையின் படத்தைக் காட்டினேன். இதைப் போல, ஆனால் சின்னதாக, நெளிவில்லாமல் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இப்ப எங்க இரிக்கப் போகுது? தண்ணி வந்து போகக்குள்ள வா. ஆட்டுக்காது மாதிரி முளைச்சிக் கிடக்கும். மாடும் தின்னாது."

மாடும் தின்னாது என்று அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. ஊசிப் பளிங்கு! சேம்புக் குடும்பத்தை மாடு மோந்துவிட்டு விட்டுவிடும். அவர் பேரினமும் தெரியாதவர், லத்தீனும் தெரியாதவர். ஆனால் எப்போது வரும், எப்போது போகும், எது தின்னும், எது தின்னாது என்று கையோடு தெரிந்து வைத்திருக்கிறார். அவருக்கு அதற்கு ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான். சிங்களத்தில் இந்தப் பேரினத்துச் செடிகளை ‘அதி உதயன்’ என்பார்கள். தென்னிந்தியாவில் இதே பேரினத்து ஸ்பைராலிஸ் இனத்தின் கிழங்கு ‘நாட்டு அதிவிடயம்’ என்று நாட்டு வைத்தியத்தில் இருக்கிறது. இமயமலையில் விளையும் அதிவிடயத்துக்குப் பதிலாக அதைச் சேர்ப்பார்கள். அதிவிடயமும் அதி உதயனும் ஒரே சொல்லின் இரண்டு உருவமாகத்தான் எனக்குக் கேட்கிறது. மாமாவிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். "அது கடையில விக்கிற மருந்தெல்லோ" என்று விட்டுவிட்டார்.

இரண்டாம் முறை போனது தை கடைசியில். வெள்ளம் வந்து, வடியத் தொடங்கியிருந்தது. ஓடையில் முழங்காலளவு தண்ணீர், தேத்தண்ணி நிறம். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அட்டை ஏறியது. ஒரு மணித்தியாலம் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு, மருத வேர் ஒன்று வளைந்து தண்ணீரைத் தடுத்து நிறுத்திய இடத்தில், கையை விட்டுத் தடவியபோது மெத்தென்று ஏதோ பட்டது. தண்ணீரை விலக்கிப் பார்த்தால், பாசி இல்லை, புல் இல்லை. சின்னச் சின்னப் பச்சை இலைகள், விரல் நீளத்துக்கு, நெருக்கமாக, ஒரு பாய் அளவுக்கு. இளம் இலை ஒன்று சுருளாக இருந்தது. ஒரு ஓரம் மற்ற ஓரத்தை மூடிச் சுற்றியிருந்தது, ஓலையைச் சுருட்டிய மாதிரி. இது முக்கியம். இந்தப் பேரினத்தின் மிக நெருங்கிய சொந்தமான லகனான்ட்ராவில் இரண்டு ஓரமும் தனித்தனியாக உள்நோக்கிச் சுருண்டிருக்கும். சிங்களத்தில் ‘கெட்டல’ என்பது அதைத்தான்.

ஆகவே கிரிப்டோகொரைன். அதுவரைக்கும் நிச்சயம். நெவிலியையா என்பதைப் பூ சொல்ல வேண்டும். இலையை மட்டும் வைத்து இந்தப் பேரினத்தில் இனத்தைச் சொல்வது ஆபத்து, ஒரே செடி வெயிலில் ஒரு இலையும் நிழலில் வேறு இலையும் விடும். நான் ஒன்றையும் பிடுங்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீருக்குள் நின்றேன். மாமா வரம்பில் குந்தியிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"கண்டிட்டியா?"

"கண்டிட்டன் மாமா."

"ஆட்டுக்காதுதானே?"

"ஆட்டுக்காதுதான்."

அந்த ஓடைக்கு என்ன நடக்கும் என்பதுதான் இப்போது என் மனதில் இருப்பது. மேலே இரண்டு வயலுக்கு அப்பால் ஓடையை பெக்கோ இயந்திரத்தால் ஆழமாக்கி நேராக்கிவிட்டார்கள். தண்ணீர் விரைவாக வடிய வேண்டும் என்று. வெள்ளாமை அழிந்தால் கடன் யார் கட்டுவது, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அந்த மக்களைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் நேராக்கிய ஓடையில் மருத வேரும் இல்லை, தண்ணீர் தங்கும் மூலையும் இல்லை. பிறகு களைக்கு எண்ணெய், அதாவது களைநாசினி, அடிக்கிறார்கள். மழை பெய்தால் அது எங்கே இறங்கும்? ஆற்றுவாழை வாவியை மூடினால் நாம் எல்லோரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் தண்ணீரை நிரப்பியது. நம்முடைய பெக்கெட்டியை என்ற கிரிப்டோகொரைனும் அமெரிக்காவின் டெக்சாஸில் சன் மார்க்கோஸ் ஆற்றுக்குள் போய்ச் சேர்ந்து, அங்கே அதைப் பிடுங்கி அகற்ற வேண்டியதாயிற்று. போன இடத்தில் அது தொல்லை. பிறந்த இடத்தில் அதன் உறவினர்கள் ஓடைக்கு ஓடை குறைந்து வருகிறார்கள். பாய் அளவு இலைக்கூட்டம் ஒன்று போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் இருந்தபோதும் கவனிக்கவில்லை.

பங்குனியில் ஒரு புதன்கிழமை மாமா தொலைபேசி எடுத்தார். அவர் தானாக எடுப்பது குறைவு. "மருமகன், உன்ட ஆட்டுக்காதுல ஏதோ மூக்கு நீட்டிக்கொண்டு நிக்கி. ரெண்டு மூண்டு." பேரனைக் கொண்டு வட்சப்பில் ஒரு படமும் அனுப்பினார். கை நடுங்கியிருக்கிறது. சேறு தெரிகிறது, இலை தெரிகிறது, நடுவில் கருமையாக ஒரு கோடு.

வேலையில் விடுப்பு எடுக்க முடியவில்லை. சனிக்கிழமை விடிய முன்னரே புறப்பட்டேன். தண்ணீர் முழுதாக இறங்கி, சேறு பிசின் மாதிரி இருந்தது. பூக்கள் முடிந்துவிட்டன. மூன்று குழல்கள் சோர்ந்து, கபில நிறமாகி, இலைகளுக்கு மேலே சாய்ந்து கிடந்தன. நுனி அழுகிவிட்டது, நிறமோ வடிவமோ பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. அடியில் ஒன்றில் மட்டும் குடுவை இருந்த இடம் கொஞ்சம் பருத்திருந்தது. காயாக இருக்கலாம். ஏதாவதொரு ஈ அந்தக் குழலுக்குள் இறங்கி ஏறியிருக்க வேண்டும்.

அதைத் தொடாமல் எழும்பித் திரும்பினேன். அப்போதுதான் கவனித்தேன். இலைக்கூட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் கம்பு நட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் உரப்பையைக் கிழித்துக் கட்டியிருந்தது. உழவு மெசின் ஓட்டுகிற பெடியனுக்குச் சொல்லியாயிற்று என்றார் மாமா. எண்ணெய் அடிக்கிறவனுக்கும் சொல்லியிருக்கிறாராம். அடுத்த மாரிக்கு, தண்ணீர் வடியத் தொடங்கியதுமே வந்து நின்றுகொள் என்றார். அவருடைய வாடியில் பாய் இருக்கிறது.